கூரையிலிருந்து சுவருக்கு இறங்கிய புகை

ரொறன்ரோவின் கிழக்கே, டான்ஃபோர்த் வீதியை அண்டிய தெருக்களில் 1920களில் கட்டிய வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டு வீடுகளுக்கு இடையில் ஓராள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான சந்து. அதற்குள் நின்று பக்கச் சுவரைப் பார்த்தால் அந்த வீடு நூறு வருஷமாக எதை எரித்துக் குளிரைத் தாண்டியது என்று தெரிந்துவிடும். நிலத்தோடு ஒட்டி ஒரு சின்ன வார்ப்பிரும்புக் கதவு, பலமுறை வர்ணம் பூசி இறுகிப்போயிருக்கும். நிலக்கரி கொட்டிய வழி அது. கொஞ்சம் தள்ளிச் சுவரிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றால் எண்ணெய் ஊற்றுவார்கள், மற்றதால் தாங்கிக்குள் இருந்த காற்று வெளியேறும். பிறகு எரிவாயு மீற்றர். கடைசியாக இரண்டு வெள்ளை பிளாஸ்ரிக் குழாய்கள். ஜனவரியில் அவற்றில் ஒன்று விட்டுவிட்டு ஆவி கக்கும். மேலே கூரையில் செங்கல் புகைக்கூடு இன்னும் நிற்கும், பெரும்பாலும் வேலையில்லாமல்.

அந்தக் கடைசிக் குழாய்களுக்குச் சுவரில் துளை வெட்டுவது என் தொழில். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பொருத்துகிறவர்கள் கொங்கிறீற் குறுக்கே நிற்கும்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள். பேஸ்மென்ற் என்ற நிலவறையின் சுவருக்கு மேலே, தரையின் மரச்சட்டம் அமர்ந்திருக்கிற விளிம்பில் இடம் கிடைத்தால் அவர்களே மரத்தைத் துளைத்துக் குழாயை வெளியே விட்டுவிடுவார்கள். அங்கே உத்திரமோ, காற்றுக் குழாயோ, வாசற்படியோ தடுத்தால் கொங்கிறீற்றைத்தான் வெட்ட வேண்டும். பல சுவர்களின் உள்ளுடம்பைப் பார்த்தபிறகு எனக்கு ஓர் எண்ணம் உறுதியாகிவிட்டது. இந்த நகரத்து வீடுகளின் வரலாற்றை எழுத விரும்புகிறவர்கள் புகை வெளியேறிய வழியிலிருந்து தொடங்க வேண்டும். நூற்றாண்டுக் கணக்காகக் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்த புகை எப்போது, ஏன் கீழே இறங்கிச் சுவரைத் துளைத்தது என்பதற்குள் எரிபொருள், அரசியல், குளிர், சாவு எல்லாம் இருக்கின்றன.

புகைக்கூட்டை இயக்குவது வெப்பம்தான். சூடான புகை வெளிக் காற்றைவிட இலேசானது. உயரமான கூட்டுக்குள் அது தானாக ஏறும், ஏறும்போது அடுப்புக்குள் புதுக் காற்றை இழுத்து வரும். இதற்குச் செலுத்துகிற விலை, அடுப்பின் வெப்பத்தில் பெரும்பங்கைப் புகையோடு வானத்துக்கு அனுப்புவது. யாழ்ப்பாணத்தில் என் பாட்டியின் குசினியில் புகைக்கூடே இல்லை. புகை கிடுகுக் கூரைக்குள்ளால் கசிந்து போகும். போகிற வழியில் கூரையில் கட்டியிருக்கிற விதைச் சோளத்தைப் பூச்சி அரிக்காமல் காக்கும். அங்கே வெப்பத்தைப் பிடித்து வைக்க வேண்டிய தேவை இல்லை. இங்கே கதவையும் யன்னலையும் ஐந்து மாதம் அடைத்துக்கொண்டு வாழ வேண்டும். அடைத்த வீட்டுக்குள் நெருப்பு எரிய வேண்டும், புகை மட்டும் இருக்கக்கூடாது.

இங்கே வந்த முதல் குடியேறிகள் மரக்குற்றி வீடுகளில் குச்சிகளை அடுக்கிக் களிமண் பூசிப் புகைக்கூடு கட்டினார்கள். களிமண் காய்ந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கிற குச்சி பற்றிக்கொள்ளும். இரும்பு அடுப்பும் தகரக் குழாயும் வந்தபிறகும் ஆபத்து விடவில்லை. இங்கே குடியேறிய எழுத்தாளர் சூசானா மூடி 1852இல் வெளியிட்ட ‘ரஃபிங் இற் இன் த புஷ்’ நூலில் தன் வீடு எரிந்த கதையைச் சொல்கிறார். கடுங்குளிர் நாளில் வேலைக்காரப் பெண் அடுப்புக்குள் காய்ந்த சீடர் மரச் சிராய்களை நிறையத் திணித்துவிட்டாள். குழாய் சூடேறி, கூரை பற்றிக்கொண்டது. கணவர் வீட்டில் இல்லை. பனியை அள்ளி அடுப்புக்குள் போட்டுக் கீழே நெருப்பை அணைத்தார்கள். மேலே கூரை எரிந்துகொண்டிருந்தது. அலுமாரியின் இழுப்பறைகளைக் கழற்றி, அவற்றுக்குள் பிள்ளைகளை வைத்துப் பனிவெளியில் காப்பாற்றினார் அந்தத் தாய். குழாய் கூரையைத் தாண்டுகிற அந்த ஒரு முழ இடத்தில் மரமும் சூடும் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி நூலும் சொல்லவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

பேஸ்மென்ற் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வெட்டுகிற சுவர் அதனுடையது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நிலம் சுமார் நாலு அடி ஆழத்துக்கு உறையக்கூடும் என்று கணக்கு. உறைகிற ஈரமண் பொங்கி எழும்பும். அதன்மேல் நிற்கிற அத்திவாரத்தைத் தூக்கிப் பிளந்துவிடும். எனவே அத்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். நாலு அடி தோண்டுகிறவன் இன்னும் மூன்று நாலு அடி தோண்டினால் ஓர் அறை கிடைக்கிறது. அந்த அறைக்குள் ஃபர்னஸ் குடியேறியது. பழைய ஃபர்னசுகளில் விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏறும் என்பதை நம்பியே அவை அமைக்கப்பட்டன. ஆதலால் வீட்டின் ஆகக் கீழான இடமே அவற்றுக்குச் சரியான இடம். நடுவில் பெரிய இரும்பு உடல், அதிலிருந்து நாலாபக்கமும் தடித்த குழாய்கள் மேல்நோக்கிப் போகும். தொழிலாளர்கள் அதை ஒக்ரோபஸ் என்பார்கள். இன்றும் சில வீடுகளில் அதன் குழாய்கள் மிஞ்சியிருக்கின்றன. மூட்டுகளில் வெள்ளையாகச் சுற்றியிருப்பது அஸ்பெஸ்ரஸ். அதைக் கண்டால் துளை வேலையை நிறுத்தி, அதற்கென்று உரிமம் உள்ளவர்களை அழைக்க வேண்டும்.

அந்த ஃபர்னசுக்குள் போனது பென்சில்வேனியாவின் அந்திரசைற் கரி. குறைந்த புகையோடு நீண்ட நேரம் எரியும் கடினமான கரி அது. 1902 மே மாதம் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒக்ரோபர் வரை நீடித்தது. குளிர்காலம் நெருங்க, அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் நேரே தலையிட்டார். அதே கரியை நம்பியிருந்த ஒன்ராறியோ நகரங்களுக்கும் அந்த இலையுதிர்காலம் கவலையான காலம். வீட்டுக்குள் நெருப்பு எரிவது வேறு நாட்டுச் சுரங்கத்துக்குள் இருக்கிறவனின் கூலியில் தங்கியிருக்கிறது என்பதை அப்போது சாதாரணக் குடும்பங்களும் அறிந்துகொண்டன.

கரிக்குப்பின் எண்ணெய் வந்தது. சாம்பல் அள்ளுகிற வேலை ஒழிந்தது. எண்ணெய் வண்டிக்காரர் வெளியே நின்றபடி குழாயைச் செருகி ஊற்றுவார். பேஸ்மென்ற்றில் இருக்கிற தாங்கியிலிருந்து வெளியேறும் காற்று மெலிந்த குழாய் வழியாக விசில் அடித்துக்கொண்டே வரும். விசில் நின்றால் தாங்கி நிரம்பிவிட்டது. வீட்டுக்குள் போகாமலே உள்ளே நடப்பதை அறிகிற அந்த ஏற்பாடு எனக்கு மிகப் பிடித்தமானது. இப்போதும் பழைய குழாயைக் கழற்றும்போது அந்தச் சின்ன விசில் உறுப்பு உள்ளே இருப்பதைக் காணலாம்.

எரிவாயுவின் கதை அரசியலால் நிறைந்தது. அல்பேர்ட்டாவின் வாயுவைக் கிழக்கே கொண்டுவரும் குழாய்வழிக்காக 1956இல் கனேடியப் பாராளுமன்றத்தில் பெரும் சண்டை நடந்தது. அமைச்சர் சி. டி. ஹோ விவாதத்தை இடையில் வெட்டி மசோதாவை நிறைவேற்றினார். அடுத்த வருஷத் தேர்தலில் அவரும் தோற்றார், அவருடைய லிபரல் அரசும் விழுந்தது. குழாய்வழி மட்டும் 1958இல் முடிந்து மேற்கின் வாயு இங்கே வந்து சேர்ந்தது. வாயுவால் வீடு முழுவதையும் சூடாக்கும் எண்ணம் அதற்கு முந்தியது. நியூ ஜேர்சியின் மொறிஸ்ரவுனைச் சேர்ந்த அலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண், வெவ்வேறு அறைகளுக்குக் குழாய்வழியே வெப்பத்தைப் பகிரும் வாயு ஃபர்னஸ் ஒன்றுக்கு 1919 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் இந்தத் தொழிலில் இருக்கிற பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.

கரி, எண்ணெய், வாயு என்று மூன்று தலைமுறை மாறியும் புகை மட்டும் அதே செங்கல் கூட்டுக்குள்ளால்தான் போனது. எரிபொருள் மாறியதே தவிர விதி மாறவில்லை: புகை சூடாக இருக்க வேண்டும், சூடாக இருந்தால்தான் ஏறும். அந்தக் கால ஃபர்னசுகள் நூறு பங்கு வெப்பத்தில் முப்பது, நாற்பது பங்கைக் கூரைக்கு மேலே விட்டன. மலிவான எரிபொருள் இருந்தவரை அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை பாய்ந்து ஏறியபோதுதான் அந்த முப்பது பங்கின்மேல் எல்லோருக்கும் கண் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் புகை கீழே இறங்கியது இங்கேதான். எரிவாயு எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு கன மீற்றர் வாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஆவியாக. அந்த ஆவிக்குள் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. புகையைச் சுமார் 55 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரவைத்தால், கொதிக்கிற பானையின் மூடியில் நீர் திரள்வதுபோல ஆவி திரண்டு ஒளிந்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். பழைய ஃபர்னஸ் இதை ஒருபோதும் அனுமதிக்காது. அனுமதித்தால் அந்த அமிலத் தண்ணீர் இரும்பையும் செங்கல் சாந்தையும் அரித்துவிடும். 1982இல் லெனொக்ஸ் நிறுவனம் ‘பல்ஸ்’ என்ற ஃபர்னஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துருப்பிடிக்காத உருக்காலான இரண்டாவது வெப்பமாற்றி ஒன்றை வைத்து, ஆவியை உள்ளேயே திரளவிட்டு, தண்ணீரைக் குழாயால் வடித்துவிடுவது அதன் வழி. இப்படி நூறில் தொண்ணூறுக்கு மேல் வெப்பம் வீட்டுக்குள்ளேயே தங்கியது. பிற நிறுவனங்களும் விசிறி வைத்த தங்கள் வடிவங்களோடு இதே பாதையில் வந்தன.

அதன்பின் வெளியே வருகிற புகை கையை வைக்கக்கூடிய சூட்டில், ஈரமாக, சோர்ந்து வருகிறது. உயரமான குளிர்ந்த செங்கல் கூட்டுக்குள் ஏற அதற்குப் பலமில்லை. தள்ளிவிட ஒரு சின்ன மின்விசிறி வேண்டும். தகரக் குழாய் அரித்துப்போகும், பிளாஸ்ரிக் போதும். விசிறி தள்ளுகிற புகைக்கு உயரம் தேவையில்லை, ஆகக் கிட்டிய வெளிச்சுவர் போதும்.

ஸ்காபரோவில் தன் பழைய ஃபர்னஸை மாற்றின ஓர் அம்மாவுக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. நான் சுவரில் அளவு போட்டுக்கொண்டிருக்க, படியில் நின்றபடி கேட்டார்:

“தம்பி, புகை மேலாலை போறதுதானே முறை? பக்கத்தாலை விட்டால் பக்கத்து வீட்டுச் சனம் சண்டைக்கு வராதோ?”

“அம்மா, இந்தப் புகைக்கு மேலை ஏறத் தெம்பில்லை. அதின்ரை சூட்டை முழுக்க உங்கடை வீட்டுக்கெண்டு எடுத்துப்போட்டம். பக்கத்து வீட்டு யன்னலுக்கு எவ்வளவு தூரம் எண்டு பாத்துத்தான் ஓட்டை போடுறன்.”

“அப்ப அந்தப் பெரிய புகைக்கூடு?”

அந்தக் கேள்விக்கு அன்று நான் கொடுத்த பதில் நீளமானது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாற்றம் சுகமாக நடந்துவிடவில்லை. முழுதாகக் குளிரவைக்காமல், நடுத்தரச் சூட்டில் புகையை வெளியே தள்ளும் ஒரு வகை ஃபர்னஸ் 1980களின் பிற்பகுதியில் வந்தது. அதற்கு அதிக வெப்பம் தாங்கும் என்று ஒரு சிறப்புப் பிளாஸ்ரிக் குழாயைப் பொருத்தினார்கள். அந்தக் குழாய்கள் வெடித்தன, மூட்டுகள் விட்டன. விட்ட இடத்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வரக்கூடிய நிலை. 1998இல் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து ஏறத்தாழ 2,50,000 குழாய்த் தொகுதிகளை இலவசமாக மாற்றித்தர அறிவித்தார்கள். கனடாவில் பிறகு வந்த எஸ்636 தரநிலை, வாயுப் புகைக்குப் போடும் பிளாஸ்ரிக் குழாய், வளைவு, பசை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்றது. ஒரு கம்பனியின் குழாயோடு வேறு கம்பனியின் பசையைப் பூசக்கூடாது. வெளியே கிடக்கிற ஒரு முழத் துண்டிலும் அந்த எண் அச்சிட்டிருக்கிறதா என்று பரிசோதகர் குனிந்து பார்ப்பது அதனால்தான்.

இனி சுவரின் கதை. கல்லில் வட்டத் துளை போடும் ஆசை மிகப் பழையது. பழைய எகிப்தியர் செப்புக் குழாயைச் சுழற்றி, அடியில் மணலைத் தூவி, கருங்கல்லையே துளைத்தார்கள். 1880களில் கீசாவின் பிரமிட்டுகளை அளந்த தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பீற்றி அந்தத் துளைகளிலிருந்து கிடைத்த கல் உருளைகளைச் சேகரித்தார். அவற்றில் ஒன்றின் உடலில் சுற்றிப்போகும் கோடுகள் எப்படி விழுந்தன என்று இன்றைக்கும் ஆட்கள் வாதாடுகிறார்கள். நான் அன்றாடம் வெளியே எடுக்கும் கொங்கிறீற் உருளையிலும் கோடுகள் உண்டு. ஆனபடியால் அந்த வாதம் எனக்கு அந்நியமாகப் படுவதில்லை.

வைரத்தை முனையில் பதித்துத் துளைக்கும் முறையை 1860களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் ஜெனீவாவின் கடிகாரத் தொழில் மேதை ஜோர்ஜ் ஒகுஸ்ற் லெஷோ. கல் குடைவதற்குப் பிரேசிலின் கறுப்பு வைரங்களைப் பதித்தார்கள். சுரங்கத்துக்கும் மலைக்குடைவுக்கும் அது கட்டுபடியானது. ஒரு வீட்டுச் சுவருக்கு யார் வைரம் போடுவார்கள்? அடுத்த நூறு வருஷம் வீட்டுச் சுவரைத் துளைத்தவர்களிடம் இருந்தது நட்சத்திர வடிவ முனை கொண்ட இரும்புக் கம்பியும் சுத்தியலும்தான். ஓர் அடி, கொஞ்சம் திருப்பு, அடுத்த அடி. 1954 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்து ஸ்கெனெக்ரடியில், ஜெனரல் எலெக்ற்ரிக் ஆய்வுகூடத்தில் ட்ரேசி ஹோல் செயற்கை வைரத்தை உண்டாக்கினார். வைரத்தூள் தொழிற்சாலைச் சரக்காகியது. வீட்டுச் சுவரில் நாலு அங்குலத் துளையை வைர முனையால் வெட்டுவது கட்டுபடியாகும் காலம் அதற்குப்பின் படிப்படியாக வந்தது. புகை சுவருக்கு இறங்கிய அதே தலைமுறையில் சுவரைச் சுத்தமாகத் துளைக்கும் கருவியும் சாதாரணத் தொழிலாளியின் வண்டிக்குள் ஏறிவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் வந்து சேர்ந்தன.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு வயதான இத்தாலியர். ரொறன்ரோவின் கொங்கிறீற் வேலையில் போருக்குப்பின் இத்தாலியரும் போர்த்துக்கேயரும்தான் முதுகை வளைத்தார்கள். 1960 மார்ச் 17 அன்று ஹொக்ஸ் ஹொலோவில், டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கத்தில் ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்புச் சட்டங்கள் அந்தச் சாவுகளுக்குப்பின்தான் இறுக்கமாயின. அவர் அதைச் சொல்லாமல் எந்தப் புதுப் பொடியனையும் பழக்கியதில்லை. அவரிடம் படித்ததில் பாதி, காதால் வேலை செய்வது.

நல்ல வேலை இப்படிப் போகும். முதலில் உள்ளிருந்து ஒரு மெல்லிய நீண்ட முனையால் வழிகாட்டித் துளை. அது வெளியே எட்டிப் பார்க்கிற இடத்தைப் போய் அளக்க வேண்டும்: மீற்றரின் அழுத்தச் சீராக்கியிலிருந்து மூன்று அடி, யன்னலிலிருந்து ஓர் அடியாவது, நிலத்திலிருந்தும் அந்த ஊரில் வழக்கமாகச் சேரும் பனியிலிருந்தும் ஓர் அடி உயரம். இரண்டு வீட்டாருக்கும் பொதுவான நடைபாதைக்கு மேலே வரக்கூடாது. அளவு சரியென்றால் சுவரில் ஆணியடித்து இயந்திரத்தின் தாங்கியைப் பூட்டுவேன். கையால் பிடித்து வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முனை கம்பியில் சிக்கினால் இயந்திரம் மணிக்கட்டைத் திருகிவிடும். பிறகு தண்ணீரைத் திறந்து மெதுவாக அழுத்த வேண்டும்.

முனையின் பற்களில் உலோகத்துக்குள் வைரத்துகள்கள் புதைந்திருக்கின்றன. கொங்கிறீற் உலோகத்தைத் தேய்க்கத் தேய்க்கப் புது வைரம் வெளியே வரும். இந்த ஊர்க் கொங்கிறீற்றில் சில இடங்களில் மிகக் கடினமான கூழாங்கல் இருக்கும். அதில் பட்டால் வைரம் மழுங்கி, உலோகம் தேயாமல் பளபளக்கும். சத்தம் மெலிந்து கிறீச்சிடும், வெட்டு நின்றுவிடும். தெரியாதவன் இன்னும் அழுத்துவான். தெரிந்தவன் முனையை வெளியே எடுத்து, சொரசொரப்பான மென்மையான கல்லில் சிறிது வெட்டவிட்டு, வைரத்தைத் திரும்ப வெளிக்கொண்டுவந்து தொடருவான். வடிகிற குழம்பையும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பாலாக வந்தால் கொங்கிறீற்; மினுங்குகிற உருக்குத் துகள் வந்தால் உள்ளே கம்பி. மறுபக்கம் நெருங்கும்போது அழுத்தத்தை விட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி அங்குலம் தட்டாகப் பெயர்ந்து வெளிச்சுவரைச் சிதைத்துவிடும்.

வெளியே வரும் உருளை எட்டு அங்குல நீளம், மூன்று கிலோவுக்கு மேல் பாரம். பழைய சுவர் என்றால் உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் குறுக்குவெட்டாகத் தெரியும். நடுவே ஒரு கோடு ஓடினால், அன்று கொங்கிறீற்றை ஒரே மூச்சில் ஊற்றவில்லை, ஒரு படை இறுகியபின் அடுத்த படையைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுவரின் முகத்தில் கிடையாகப் பலகைத் தடம் இருந்தால் ஒட்டுப்பலகை வருவதற்கு முந்திய காலத்துச் சுவர். அந்தப் பலகையை அடித்தவன், கலவையைத் தள்ளுவண்டியில் தள்ளியவன் பெயர் எங்கும் இல்லை. அவனுடைய ஒரு நாள் வேலை என் கையில் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. உலர்வாக வெட்டினால் சுவர் தூளாகப் பறக்கும், அந்தத் தூளுக்குள் சிலிக்கா இருக்கிறது. மேற்கு வேர்ஜீனியாவின் ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கத்தில் 1930, 1931இல் தண்ணீரில்லாமல் சிலிக்காப் பாறையைத் துளைக்க வைத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் இறுகி இறந்தார்கள். பேஸ்மென்ற் நனைகிறது என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் நான் தண்ணீரை நிறுத்துவதில்லை. பொலித்தீன் விரித்து, உறிஞ்சும் இயந்திரத்தைத் துளையின் வாயில் வைத்துப் பிடிப்பேன்.

துளையின் சரிவும் ஒரு பிரச்சினை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் துளை வெளிப்பக்கம் சரிய வேண்டும். புகைக் குழாயோ உட்பக்கம் சரிய வேண்டும், ஓர் அடிக்குக் கால் அங்குலம். இல்லாவிட்டால் அதற்குள் திரளும் தண்ணீர் வெளிவாயில் உறைந்து பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். இரண்டையும் சமாளிக்கத்தான் குழாயைவிடத் துளை சற்றுப் பெரிதாக வெட்டப்படுகிறது. மிச்ச இடைவெளியை வெளியே மழை ஒழுகாதபடி அடைக்கிறோம்.

ஏன் இரண்டு குழாய் என்று எல்லோரும் கேட்பார்கள். நம் சனத்துக்கு இதன் பதில் உயிரோடு சம்பந்தப்பட்டது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அந்த வருஷங்களிலும் அடுத்து வந்த வருஷங்களிலும் ரொறன்ரோவுக்கு வந்த தமிழர்களில் மிகப் பலருக்கு முதல் வீடு யாரோ ஒருவரின் பேஸ்மென்ற்தான். ஒரே அறைக்குள் ஐந்து ஆறு இளைஞர்கள், மாறிமாறி வேலை, மாறிமாறி உறக்கம். மெல்லிய பலகைத் தடுப்புக்கு அப்பால் ஃபர்னஸ். பழைய ஃபர்னஸ் தான் எரிவதற்கான காற்றை அந்த அறையிலிருந்தே எடுத்தது. வாடகைக்கு விடுவதற்காக இடுக்கெல்லாம் அடைத்து, ஃபர்னஸைச் சின்னக் கூண்டுக்குள் பூட்டியபோது அதற்குக் காற்றுப் போதவில்லை. காற்றுப் போதாத நெருப்பு காபன் மொனொக்சைட்டை உண்டாக்கும். புகைக்கூட்டில் ஏற வேண்டிய புகையும் திரும்பி உள்ளே வழியும். மணம் இல்லை, நிறம் இல்லை. புதிய ஃபர்னசின் இரண்டாவது குழாய் வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவருகிறது. நெருப்பு மூடிய பெட்டிக்குள், உறங்குகிறவர்களின் மூச்சைத் தொடாமல் எரிகிறது. இரண்டாவது துளைக்குக் காசு தர யோசிக்கிற வீட்டுக்காரரிடம் நான் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவது இதற்காகத்தான்.

அடைபட்ட புகைவழி என்ன செய்யும் என்பதை ஒன்ராறியோ 2008 டிசம்பரில் கண்டது. வூட்ஸ்ரொக் நகரில் வாயுக் கணப்பின் வெளிவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நான்கு பேரும் இறந்தார்கள். 2013இல் நிறைவேறிய ஹோக்கின்ஸ் கினியாக் சட்டம் அவர்களின் பெயரைத் தாங்குகிறது. எரிபொருள் எரிகிற வீடுகளில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது அதனால்தான். பேஸ்மென்ற்றில் படுக்கிறவர்களே, உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் அந்தக் கருவி இல்லையென்றால் இன்றைக்கே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 2009 டிசம்பர் கடைசியிலிருந்து கனடாவில் வீட்டு வாயு ஃபர்னசுகளுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் கட்டாயமானது. 2019இல் அது 95 ஆனது. பழைய ஃபர்னஸ் மாறிய வீடுகளில் புகைக்கூடு கிட்டத்தட்டக் கைவிடப்பட்டது. ஆனால் பல வீடுகளில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கொதிகலன் மட்டும் இன்னும் அதற்குள் புகை விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கருவிகளுக்காகக் கட்டிய அகலமான கூட்டுக்குள் அந்தச் சின்னக் கொதிகலனின் புகை தனியே ஏறும்போது பாதிவழியில் குளிர்ந்து, செங்கல்லுக்குள் தண்ணீராக ஊறுகிறது. குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது. சாந்து உதிர்ந்து, செங்கல்லின் முகம் தட்டாகக் கழன்று விழுகிறது. அந்த அம்மாவின் புகைக்கூட்டில் அது தொடங்கிவிட்டிருந்தது. உள்ளே அளவான உலோகக் குழாய் ஒன்றை இறக்கலாம், அல்லது கொதிகலனையும் சுவருக்கு மாற்றிக் கூட்டைக் கூரைக்குக் கீழே இடித்து மூடலாம் என்றேன். அவர் இடிக்கச் சம்மதிக்கவில்லை. குழாயை இறக்கினார்.

இப்போது சுவருக்கு இன்னொரு விருந்தாளி. மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பிக்குப் புகையே இல்லை; வெளியே இருக்கிற அலகிலிருந்து இரண்டு செப்புக் குழாய்களும் ஒரு மின்கம்பியும் உள்ளே வந்தால் போதும். அதற்கு மூன்று அங்குலத் துளை, வெளிப்பக்கம் சரிவாக, ஒரே சரிவு. 2021இல் மத்திய அரசு 5,000 டொலர் வரை மானியம் கொடுத்தபோது இந்தத் துளைகளுக்கான அழைப்புகள் கூடின. வாயுவை முழுதாக விடுகிறவர்கள் பழைய வெள்ளைக் குழாய்களின் துளையை மூடித் தரச் சொல்கிறார்கள். நுரையை அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எலி அதைத் தின்றுவிடும், நிலத்துக்குக் கிட்ட இருந்தால் பனி கரையும் மாதத்தில் தண்ணீரும் வரும். துளையின் உட்சுவர் வைரத்தால் வெட்டி வழுவழுப்பாக இருப்பதால் சீமெந்து பிடிக்காது. முதலில் உளியால் அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியைக் கழுவி, ஈரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீருக்குள்ளும் இறுகும் சீமெந்தைக் கெட்டியாகப் பிசைந்து, உள்ளிருந்து வெளியாகப் படைபடையாக அடித்துத் திணிக்க வேண்டும். வெளிமுகத்தை மட்டும் சுவரோடு சமமாக விடாமல் இலேசாகக் கீழே சரித்து முடிக்கிறேன்.